மண்பாண்டச் சூளையை எப்படிக் கட்டினார்கள், ஏன் அப்படிக் கட்டினார்கள்?

கேள்வி இதுதான்: செங்கல்லால் கட்டிய மரபான மண்பாண்டச் சூளையை எப்படிக் கட்டுகிறார்கள்? ஓரிடத்தில் குப்பி மாதிரி நிமிர்ந்தும் இன்னோர் இடத்தில் மலைச்சரிவில் பாம்பு மாதிரி படுத்தும் இருக்கிறதே, ஏன்? இது எவ்வளவு பழையது? சின்னதாக ஒன்றை நாமே கட்ட முடியுமா? நாலு கேள்வியும் ஒரே முடிச்சில் மாட்டியிருப்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

சூளை என்றால் சூட்டை அடைத்து வைக்கும் பெட்டி என்றுதான் பலரும் நினைத்திருக்கிறார்கள். மின்சாரச் சூளையைப் பொறுத்தவரை அது சரி. விறகோ நிலக்கரியோ எரியும் சூளையில் நெருப்பு ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு பக்கம் காற்று நுழைகிறது, விறகைத் தொட்டுச் சுடராகிறது, பானைகளின் இடுக்குகளில் புகுந்து சூட்டைக் கொடுத்துவிட்டு இன்னொரு பக்கம் வெளியேறுகிறது. ஆற்றுக்குக் கரை எப்படியோ, சுடருக்குச் சூளைச் சுவர் அப்படி. அந்தச் சுடரை மேலே விடுவதா, குறுக்கே விடுவதா, மடக்கிக் கீழே இறக்குவதா? சூளைகளின் வடிவம் மாறியதெல்லாம் இந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த வேறுவேறு விடைகளால்தான்.

சூளை வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மண்ணைச் சுடக் கற்றுவிட்டோம். செக் நாட்டின் டோல்னி வெஸ்டோனிட்சேயில் கிடைத்த சுடுமண் உருவங்களுக்கு 25,000 ஆண்டுகளுக்கு மேல் வயது. அவற்றுக்குப் பெரிய சூளை எதுவும் தேவைப்படவில்லை. பானைகளைக் குவித்து, மேலும் கீழும் விறகும் வைக்கோலும் சாணமும் போட்டு எரித்தால் 600 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை எட்டலாம். பானை வெந்துவிடும். சிக்கல் எங்கே என்றால், சூடு ஏறும் வேகம் நம் கையில் இல்லை. காற்று திரும்பினால் ஒரு பக்கம் கருகும், மறு பக்கம் அரைவேக்காடாக நிற்கும். அந்தத் திடீர்ச் சூட்டைத் தாங்குவதற்காகவே மண்ணில் மணலோ உமியோ உடைந்த ஓட்டுத்தூளோ கலக்க வேண்டியிருந்தது. விறகும் பானையும் ஒட்டிக்கொண்டே கிடப்பதால் புகைத்தழும்பு வேறு.

விறகை ஓர் அறையிலும் பானையை இன்னோர் அறையிலும் வைத்தவர் யாரென்று தெரியாது, ஆனால் தொழிலின் போக்கை மாற்றியது அந்தப் பிரிவினைதான். இன்றைய ஈராக்கின் யாரிம் தெப்பேயில், ஏறக்குறைய கி.மு. 6000 அளவிலேயே, இரண்டு அடுக்குச் சூளைகள் இருந்திருக்கின்றன. கீழே நெருப்புக்குழி, அதன் மேல் துளைகள் போட்ட தளம், தளத்தின் மேல் பானைகள், அவற்றை மூடும் கூடாரம். சுடர் துளைகள் வழியே ஏறிப் பானைகளைத் தடவிக்கொண்டு உச்சியில் வெளியேறும். இதை ‘மேலேறு சூளை’ என்று வைத்துக்கொள்வோம். அடிப்படையில் இவ்வளவுதான். அப்புறம் பல ஆயிரம் ஆண்டுகள் உலகின் பெரும்பகுதி இதையே பெரிதாக்கியும் சிறிதாக்கியும் வட்டமாக்கியும் சதுரமாக்கியும் கட்டிக்கொண்டிருந்தது.

இந்த எளிய அமைப்பில் என்னவெல்லாம் சாதித்தார்கள் என்பதற்குக் கிரேக்கர்களைப் பார்த்தால் போதும். கொரிந்து நகரத்துக்கு அருகே பென்டெஸ்கூஃபியாவில் கிடைத்த கி.மு. 6ஆம் நூற்றாண்டுச் சுடுமண் பலகைகளில், சூளை எரிவதையும் அதன் பக்கத்தில் குயவர் நிற்பதையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். அக்காலத்தின் புகழ்பெற்ற கருப்பு-சிவப்புக் கலங்களில் இருக்கும் கருப்பு, தனி வண்ணம் கிடையாது. அதே வகை மண்ணின் மிக நுண்ணிய வண்டலைப் பூசி, ஒரே சுடலில் மூன்று கட்டமாக நெருப்பை மாற்றினார்கள். முதலில் காற்றை நன்றாக விட்டுச் சிவக்க வைப்பது. பிறகு 900 டிகிரியை ஒட்டி வரும்போது காற்றை அடைத்துப் பச்சை விறகைப் போட்டு எல்லாவற்றையும் கறுக்க வைப்பது. இந்தக் கட்டத்தில் நுண் வண்டல் பூச்சு மட்டும் உருகி இறுகிக் கண்ணாடித்தன்மை அடைந்துவிடும். கடைசியில் மறுபடி காற்றைத் திறந்தால், துளைகள் நிறைந்த பானையின் உடல் மீண்டும் சிவக்கும், இறுகிய பூச்சுக்குள் காற்று நுழைய முடியாததால் அது கருப்பாகவே நிற்கும். எல்லாமே சூளையின் வாயையும் உச்சித் துளையையும் மூடித் திறந்து செய்த வேலை. கையில் வெப்பமானி கிடையாது. சூளையைக் கட்டியவனுக்குக் காற்றின் போக்குவரத்து எவ்வளவு அத்துப்படியாக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

ரோமானியர்கள் இதையே ஆலைத்தொழிலாக்கினார்கள். தெற்கு பிரான்சில் மில்லோவுக்கு அருகே உள்ள லா கிரோஃபெசெங்கில், கி.பி. முதல் நூற்றாண்டில், பல குயவர்கள் ஒரே பெரிய சூளையைப் பங்கு போட்டுச் சுட்டிருக்கிறார்கள். யாருடைய கலம் எத்தனை உள்ளே போனது என்று தட்டுகளில் கீறி வைத்த கணக்குகள் கிடைத்துள்ளன. ஒரு சுடலுக்கு 30,000 கலங்களை ஒட்டி வரும் கணக்குகள் அவற்றில் உண்டு. சிவப்பு மெருகு கெடாமல் இருக்க, புகை கலத்தைத் தொடாதபடி சூட்டைச் சுடுமண் குழாய்கள் வழியே கொண்டுபோனார்கள். ஒரு தடவை சூடு எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கே சாட்சி இருக்கிறது: உருகி ஒட்டிப்போன கலங்களை மொத்தமாகக் கொட்டிய குழிகள்.

மேலேறு சூளைக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. சூடு நேராக மேலே ஓடிவிடும். அடியில் இருப்பது அதிகமாக வேகும், மேலே இருப்பது குறைவாக. பாதிச் சூடு வானத்துக்குப் போகும். 1000 டிகிரியைத் தாண்டுவதற்கே மூச்சுத் திணறும்.

இதற்குக் கிழக்கு ஆசியாவில் கிடைத்த விடை மலைச்சரிவு. தென் சீனாவின் ஜெஜியாங் பகுதியில் ஷாங் காலத்திலேயே, அதாவது 3000 ஆண்டுகளுக்கு மேல் முன்பே, சரிவில் நீளமாகப் படுத்த சூளைகள் வந்துவிட்டன. டிராகன் சூளை என்று பெயர். யோசனை மிக எளியது: புகைபோக்கியைத் தனியாகக் கட்டாமல் சூளையையே சாய்த்துப் படுக்கவைத்த புகைபோக்கி ஆக்கிவிடுவது. அடிவாரத்தில் நெருப்பு மூட்டினால் சுடர் சரிவோடு ஓடி உச்சியில் வெளியேறும். ஓடும் வழியெல்லாம் பானைகள். கீழ்ப்பகுதி வெந்ததும் பக்கச் சுவரில் உள்ள துளைகள் வழியே விறகைப் போட்டுக்கொண்டு படிப்படியாக மேலே நகர்வார்கள். கீழே எரியும் நெருப்பு மேலே உள்ள பானைகளை முன்கூட்டியே சூடாக்கிவிடுவதால் விறகு மிச்சம். சோங் வம்சக் காலத்தில் (10–13ஆம் நூற்றாண்டு) 100 மீட்டரைத் தாண்டிய சூளைகளும் இருந்தன. 1200 டிகிரிக்கு மேல் போய் நீர் புகாத கடினக் கலமும் பச்சை மெருகுக் (கண்ணாடிப் பூச்சுக்) கலமும் செய்ய முடிந்தது இதனால்தான். ஃபோஷான் நகரின் ஷிவானில் உள்ள நான்ஃபெங் சூளை, மிங் வம்சத்தின் ஜெங்டே காலத்தில் (1506–1521) கட்டப்பட்டது. இன்றும் எரிகிறது.

கொரியா வழியாக 5ஆம் நூற்றாண்டில் இந்தச் சரிவுச் சூளை ஜப்பானுக்குப் போனது. அங்கே ‘அனகாமா’ என்றார்கள், ‘குகைச் சூளை’ என்று பொருள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், கராட்சு வட்டாரத்தில், ஒரே நீள அறையைத் தனித்தனி அறைகளாகத் தடுத்துப் படிப்படியாக ஏறும் ‘நோபோரிகாமா’ வந்தது. முதல் அறையின் கழிவுச் சூடு இரண்டாவதைக் காய்ச்சும், அதன் கழிவு மூன்றாவதை. இந்த வகைச் சூளை ஒன்றை 1923இல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் மட்சுபயாஷி என்ற ஜப்பானியக் குயவர் கட்டினார். மேற்கில் முதலாவது, அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அங்கேயே கட்டப்பட்டதுதான்.

வட சீனாவில் வேறு கதை. மலைச்சரிவுக்குப் பதில் அங்கே அவர்கள் குடைந்தது வண்டல் மண்மேடு. மாண்டோ என்னும் ஆவிரொட்டி வடிவச் சூளை. முன்னால் நெருப்பு, மேலே குவிமாடம், பின்சுவரின் அடியில் துளைகள், அவற்றுக்குப் பின்னால் புகைபோக்கி. சுடர் மாடத்தில் முட்டி மடங்கிக் கீழிறங்கித் தரையோரமாக வெளியேறும். சோங் காலத்தில் இதில் நிலக்கரியும் எரித்தார்கள். ஐரோப்பா இந்தக் கீழிறங்கு முறையை 19ஆம் நூற்றாண்டில்தான் பரவலாகக் கையில் எடுத்தது. வரலாறு எல்லா இடத்திலும் ஒரே வரிசையில் நகர்வதில்லை என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இது.

குப்பி வடிவத்துக்கு வருவோம். படங்களில் பார்த்துவிட்டு ‘இது என்ன இவ்வளவு பெரிய சூளை’ என்று பலர் கேட்பதுண்டு. இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரத்தின் அடையாளமே இந்தக் குப்பிகள்தான். ஆனால் வெளியே தெரியும் அந்தக் குப்பி சூளையே அல்ல. அது வெறும் சட்டை. அங்கே அதை ‘ஹோவல்’ என்பார்கள். 20 மீட்டர் உயரம் வரை எழும் அந்த உறைக்குள், தனியாக, வட்டமான சுவரும் குவிந்த கூரையும் கொண்ட உண்மையான சூளை உட்கார்ந்திருக்கும். உறைக்கு மூன்று வேலை: காற்றிழுப்பைக் கொடுப்பது, மழையையும் குறுக்குக் காற்றையும் தடுப்பது, புகையை உயரத்தில் கொண்டுபோய் விடுவது. உள்சூளையின் சுவர் சுமார் ஓர் அடி கனம்தான். சூட்டில் அது விரியும், ஆறும்போது சுருங்கும். வெடித்து விழாமல் இருக்கச் சுற்றிலும் இரும்புப் பட்டைகளை வளையம் வளையமாக மாட்டியிருப்பார்கள்.

அடியில் சுற்றிவர எட்டு, பத்து நெருப்பு வாய்கள். ஒவ்வொரு வாய்க்கும் உள்பக்கம் ஒரு குட்டிப் புகைபோக்கி, சுடரைச் சுவரோரமாக மேலே அனுப்பும். இன்னொரு பங்கு சூடு தரைக்கு அடியில் ஓடும் சுரங்க வழிகளில் போய் நடுவில் எழும். நிலக்கரிப் புகையும் கந்தகமும் கலங்களைத் தொடக்கூடாது என்பதால் அவற்றைச் ‘சாகர்’ எனப்படும், சூடு தாங்கும் தீமண் பெட்டிகளுக்குள் வைத்து, பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரை வரை அடுக்குவார்கள். பெரிய சூளையில் இரண்டாயிரம் பெட்டிகள் போகும். தலையில் சுமந்துகொண்டு ஏணியில் ஏறி அடுக்கும் வேலை அது. பிறகு வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு நெருப்பு. மெருகு பூசுவதற்கு முந்தைய முதல் சுடலுக்கு மூன்று நாள் வரை ஆகும். ஏறக்குறைய நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை கரி போட வேண்டும், மொத்தம் பத்துப் பதினைந்து டன் கரையும். நெருப்பாளர் ஒருவர்தான் பொறுப்பு. அவர் தூங்கிவிட்டால் ஒரு மாத உழைப்பு போயிற்று.

இந்த நகரத்தில் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட குப்பிகள் சுமார் 2000 நின்றன. எல்லாம் சேர்ந்து புகைத்த நாளில் எதிர்வீடு தெரியாது. 1956இல் வந்த தூய காற்றுச் சட்டமும், மின்சார, எரிவாயுச் சூளைகளும் சேர்ந்து அவற்றை முடித்துவைத்தன. 1978இல், லாங்டன் பகுதியில், செய்முறையைப் பதிவு செய்வதற்காகவே கடைசியாக ஒரு தடவை நிலக்கரியில் சுட்டார்கள். இன்று 47 மட்டும் மிச்சம், எல்லாம் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள்.

சரி, கட்டுவது எப்படி? இனி நான் சொல்வது சிறிய, விறகு எரிக்கும், கீழிறங்கு வகைச் சூளை. நாமே கட்டக்கூடியது என்றால் அதைத்தான் சொல்வேன். குப்பிக்கு ஆசைப்பட வேண்டாம்.

இடம் முதலில். ஈரம் இல்லாத மேட்டு நிலம் வேண்டும். அடியில் ஈரம் இருந்தால் நீங்கள் எரிக்கும் விறகில் ஒரு பங்கு பூமியைக் காயவைப்பதற்கே போகும். கான்கிரீட் தளம் போட்டால் அதன் மேல் நேரடியாகச் சூளைத்தரையை வைக்கக்கூடாது, சூட்டில் கான்கிரீட் பொரிந்து தெறிக்கும். இடையில் துளைக்கற்களை அடுக்கிக் காற்று ஓட வழி விட வேண்டும்.

கல் இரண்டு வகை. நெருப்பைப் பார்க்கும் உள்வரிசைக்குத் தீச்செங்கல், பேச்சுவழக்கில் ஃபயர் பிரிக். அலுமினா அதிகமுள்ள மண்ணில் செய்தது. வழக்கமான அளவு 230 × 114 × 76 மில்லிமீட்டர். வெளிவரிசைக்குச் சாதாரணச் செங்கல் போதும். சாதாரணச் செங்கல்லை உள்ளே வைத்தால் 1000 டிகிரியைத் தாண்டும்போது வகையைப் பொறுத்து வளையவோ உருகவோ தொடங்கும். பழங்காலத்தில் தீச்செங்கல் கடையில் கிடைக்கவா செய்தது? சூடு தாங்கும் மண்ணைத் தேடிப் பிடித்து, மணலும் பழைய கல்லின் தூளும் கலந்து அவர்களே அறுத்துக்கொண்டார்கள். நல்ல தீமண்ணும் கரியும் பக்கத்தில் கிடைத்த ஊர்கள்தான் குயத்தொழில் நகரங்களாக வளர்ந்தன.

சாந்து விஷயத்தில் கட்டடக் கொத்தனாரின் பழக்கத்தை விட வேண்டும். சிமென்ட் கூடவே கூடாது. அது தண்ணீரைப் பிணைத்துக்கொண்டு இறுகுவது, சில நூறு டிகிரியிலேயே அந்தத் தண்ணீரை இழந்து பொடியாகிவிடும். தீமண்ணைத் தயிர் பதத்தில் கரைத்து, கல்லை அதில் தோய்த்து, தட்டி உட்கார வைக்க வேண்டும். இணைப்பு ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. இந்தச் சாந்து ஒட்டுவதற்கு இல்லை, மேடு பள்ளத்தை நிரப்பிக் கல்லைச் சமமாக உட்கார வைக்கத்தான். சூளை நிற்பது கல்லின் எடையாலும் கட்டுமான ஒழுங்காலும். ஒரு மீட்டர் நீளத் தீச்செங்கல் சுவர் முழுச் சூட்டில் ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர் நீளும். அதற்கு அங்கங்கே இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் சூளை தானே ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து உடைத்துக்கொள்ளும், அது நமக்குப் பிடித்த இடமாக இருக்காது.

கூரைதான் கடினம். தட்டையான கூரை தாங்காது, கமான் வேண்டும். பலகையில் சென்டரிங் அடித்து, இரண்டு பக்கமும் சாய்வாக வெட்டிய கற்களில் தொடங்கி, நடுவை நோக்கி வந்து, உச்சியில் பூட்டுக்கல்லைத் தட்டி இறக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலமான கமானுக்குக் குறைந்தது 12–13 சென்டிமீட்டர் எழுச்சி வேண்டும், அதாவது அகலத்தில் எட்டில் ஒரு பங்கு. கமான் கீழே மட்டும் அழுத்தாது, பக்கவாட்டிலும் சுவர்களைத் தள்ளும். அதைப் பிடிக்க இரும்புக் கோணச் சட்டமும் இழுகம்பியும் தேவை. நான் கட்டிய முதல் சூளையில் இந்தப் பாடத்தை நேரடியாகப் படித்தேன். பூட்டுக்கல் இறங்கிய மகிழ்ச்சியில், கம்பியை முறுக்குவதற்கு முன்பே சென்டரிங்கை உருவிவிட்டேன். இரண்டு சுவரும் மெதுவாக, மரியாதையாக, ஆளுக்கு ஒரு விரல்கடை வெளியே சாய்ந்தன. நடுவில் இருந்த ஒன்பது கல் என் காலுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. கட்டியது இரண்டு நாள், இறங்கியது இரண்டு நொடி.

சட்டம் போட விருப்பமில்லை என்றால் தொங்குசங்கிலி வளைவு இருக்கிறது. ஒரு சங்கிலியை இரண்டு ஆணிகளில் தொங்கவிட்டு, அது விழும் வடிவைப் பலகையில் வரைந்து, தலைகீழாகத் திருப்பிக் கட்டினால், சுவரும் கூரையும் ஒன்றாகிவிடும். தன் எடையைத் தானே நேராகத் தரைக்கு இறக்கும். அடுக்குவதற்கு ஓரங்களில் இடம் கொஞ்சம் வீணாகும், அவ்வளவுதான்.

அடுத்து வழிகள். கீழிறங்கு சூளையில் நெருப்பறை பக்கத்தில் இருக்கும். அதற்கும் பானையறைக்கும் நடுவே ஒரு குட்டைத் தடுப்புச் சுவர், சுடரை மேலே திருப்பிவிடும். சுடர் கமானில் முட்டி மடங்கி, பானைகளின் ஊடாகக் கீழிறங்கி, எதிர்ச்சுவரின் அடித்துளை வழியாகப் புகைபோக்கிக்குப் போகும். சூடான காற்றுக்குத் தானாகக் கீழே இறங்கும் ஆசை கிடையாது. புகைபோக்கி இழுப்பதால்தான் இறங்குகிறது. ஆகவே எல்லாக் கணக்கும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சூளை கட்டுபவர்கள் கைக்கணக்காக வைத்திருப்பது இது. சுடர் கீழிறங்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் மூன்று மீட்டர் புகைபோக்கி. கிடையாக ஓடும் ஒவ்வொரு மீட்டருக்கும் கூடுதலாக மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. விறகுச் சூளையில் தணல்தட்டின் (விறகு எரியும் கம்பித்தட்டின்) பரப்பு, புகைபோக்கியின் உட்பரப்பைப் போலப் பத்து மடங்கு. ஒரு மீட்டர் உயரமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள அறை என்று வைத்துக்கொண்டால், புகைபோக்கி மூன்றரை மீட்டர் உயரம் வரும். அதன் உள்ளளவு 23 × 23 சென்டிமீட்டர், ஒரு கல்லின் நீளம். தணல்தட்டு 73 சென்டிமீட்டர் சதுரம். தட்டு ஏன் அவ்வளவு பெரிது என்று கேட்பீர்கள். உள்ளே நுழையும் குளிர்ந்த காற்று 1000 டிகிரிக்குச் சூடாகும்போது நாலு மடங்குக்கு மேல் விரிகிறது. விறகின் வாயுக்களும் சேர்ந்துகொள்கின்றன. எரியத் தாராளமாக இடம் வேண்டும். புகைபோக்கியில் ஒரு குறுக்குப் பலகைக்கல், டாம்பர், கட்டாயம் வையுங்கள். இழுப்பைக் கூட்டவும் குறைக்கவும் அதுதான் கடிவாளம்.

கட்டி முடித்ததும் பானை அடுக்கிவிடக்கூடாது. வெறும் சூளையில் ஒன்றிரண்டு நாள் சிறு தீ மட்டும். கல்லிலும் சாந்திலும் இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் புகைபோக்கியில் வெள்ளையாக வரும். அது நிற்கும் வரை அவசரப்படாதீர்கள்.

சுடும்போது மண்ணுக்கு என்ன நடக்கிறது என்பது தெரிந்தால்தான் சூளையை ஓட்ட முடியும். தண்ணீர் ஆவியானால் சுமார் 1700 மடங்கு விரியும். காயாத பானையை அவசரமாகச் சூடாக்கினால் அது வெடிப்பது இதனால்தான். 450 முதல் 600 டிகிரிக்குள் மண்ணின் அணுக்கட்டிலேயே பிணைந்திருக்கும் தண்ணீர் கழன்றுவிடும். அதற்கு அப்புறம் அது மறுபடி களிமண்ணாகக் குழையாது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்கிறோமே, அந்தக் கோடு விழும் இடம் இதுதான். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் இந்த இடத்தை மெதுவாகக் கடக்க வேண்டும். மண்பானை வகை 950 முதல் 1100 டிகிரியில் வேகும். கடினக் கலத்துக்கு 1200 முதல் 1300.

விறகு போடுவதில் புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றே. சூடு ஏறவில்லை என்றதும் இன்னும் விறகைத் திணிப்பார்கள். அது காற்றை அடைத்து, கரும்புகையாகக் கக்கி, சூட்டை இறக்கும். விறகு போட்டதும் கொஞ்ச நேரம் கறுத்துப் புகையும், புகை தெளிந்து சுடர் குறையத் தொடங்கும்போது அடுத்த கட்டு. அந்தத் தாளம் கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வேண்டுமென்றே டாம்பரை இறக்கிக் காற்றைக் குறைத்தால் நெருப்பு பானையிலுள்ள இரும்பின் ஆக்சிஜனை உறிஞ்சும். சிவக்க வேண்டிய மண் சாம்பல் நிறமாகும், மெருகில் உள்ள சிறிதளவு இரும்பு பச்சையாகும்.

வெப்பத்தை அளக்கப் பல நூற்றாண்டு கண்தான் கருவி. மங்கிய சிவப்பு 600ஐ ஒட்டி, ஆரஞ்சு 1000ஐ ஒட்டி, வெளிறிய மஞ்சள் 1150, வெண்மை 1300. இங்கிலாந்துக் குயவர் ஜோசையா வெட்ஜ்வுட் 1782இல், சிறு களிமண் துண்டு சூட்டில் எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்து ஓர் அளவுகோல் செய்தார். இரும்பு உருகும் வெப்பத்தை அது உண்மையைவிடப் பல மடங்கு கூட்டிச் சொன்னது. ஆனாலும் ஒரு சுடலை இன்னொரு சுடலோடு ஒப்பிட அது போதுமாயிருந்தது, குயவருக்கு வேண்டியதும் அதுதான். 1886இல் ஜெர்மனியில் ஹெர்மன் சேகர், குறிப்பிட்ட சூட்டில் வளையும் கூம்புகளைக் கொண்டுவந்தார். பத்தாண்டு கழித்து அமெரிக்காவில் எட்வர்ட் ஆர்ட்டன். இன்றும் மின்னணு வெப்பமானி வைத்திருப்பவர்கள்கூடக் கூம்பைத்தான் நம்புகிறார்கள். காரணம், கூம்பு எத்தனை டிகிரி என்று மட்டும் பார்ப்பதில்லை, எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்தே பார்க்கிறது. பானையும் அப்படித்தான் வேகிறது.

ஆறவிடுவதில் பொறுமை வேண்டும். சுட்ட நேரத்தைவிட ஆறும் நேரம் அதிகம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். குப்பிச் சூளைகளில் இரண்டு நாள் ஆறவிட்டும், சரக்கு அவசரம் என்றால், ஆட்கள் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். நாம் அப்படிச் செய்யத் தேவையில்லை. உள்ளே 100 டிகிரிக்குக் கீழே வரும் வரை வாசல் கல்லில் கை வைக்காதீர்கள்.

முதல் சுடல் முடிந்ததும் சுவரில் விரிசல் தெரியும். பலர் பதறிப்போய்ச் சாந்து வைத்து அடைப்பார்கள். வேண்டாம். அடுத்த தடவை சூடேறும்போது கல் விரிந்து அந்த விரிசல் தானே மூடிக்கொள்ளும். நீங்கள் அடைத்து வைத்தால் கல்லுக்கு விரிய இடம் இல்லாமல் பக்கத்தில் இன்னொன்று வரும். வெளிப்பக்கம் மட்டும் மண்ணைத் தவிட்டோடு குழைத்து மெலிதாகப் பூசினால் குளிர்காற்று புகாது. ஒவ்வொரு சுடலுக்கும் இழுகம்பியின் மரையைப் பாருங்கள். விறகுச் சாம்பல் உட்சுவரில் படிந்து உருகி, சில பத்துச் சுடல்களுக்குப் பிறகு, கல்லெல்லாம் பச்சையும் பழுப்புமாகக் கண்ணாடி பூசியதுபோல் மின்னத் தொடங்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். கமானில் அது சொட்டாகத் திரண்டிருந்தால் மட்டும் உளியால் தட்டி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த சுடலில் அது உங்கள் நல்ல பானை ஒன்றின் மேல்தான் சொட்டும்.